மேல்சுனைத் தண்ணீர்

ஜனவரி 18, 1994, செவ்வாய்

நேற்று மாலை மேலே வந்து சேர்ந்தேன். இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கின்றன.

இந்த வருஷத்து டைரியை உரக்கடைக்காரர் வழக்கம்போல என் வீட்டுக்காரர் பெயருக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் கார்த்திகையிலிருந்து மதுரை ஜெயிலில் இருக்கிறார் என்பது உரக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. பழக்கத்தில் கொடுத்திருப்பார். நானும் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். பால்வாடியில் வருஷக்கணக்காகப் பதிவேடு எழுதிய கை.

வேலை இதுதான். மலைச்சரிவில் கஞ்சாச் செடிகள். அவற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிவராத்திரிக்கு முன்னால் வெட்டு. போன வருஷம் இதை அவரும் அவர் தம்பி மாயழகுவும் செய்தார்கள். இப்போது அவர் இடத்தில் நான்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரைப் பட்டாளத்தார் என்று கூப்பிடுவார்கள். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒச்சப்பனுக்கு வக்கீல் வச்சிருக்கேன். பெயில் எடுக்குறது என் பொறுப்பு. ஆனா மேல மாயழகு ஒத்தையில கெடந்து அல்லாடுறான். புது ஆளை நம்பி ஏத்த முடியாது. நீ போயிட்டு வாம்மா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசி. வக்கீலும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பால்வாடிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். மகள் தேன்மொழியை அக்கா வீட்டில் விட்டேன். கேட்டவர்களிடம், கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறேன் என்றேன்.

ஜனவரி 19, புதன்

செடிகள் ஒரே இடத்தில் இல்லை. உண்ணிமுள் புதருக்கு நடுவே இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். தூரத்திலிருந்து பார்த்தால் காடாகத் தெரிய வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. பாறையில் இரண்டு சுனைகள். கீழ்ச்சுனை குடிசைக்குப் பக்கத்தில். மேல்சுனைக்குச் சறுக்குப் பாறையில் ஏறிப் போக வேண்டும். கீழ்ச்சுனையில் தண்ணீர் இருப்பதால் மேலே போக வேண்டியதில்லை என்றான் மாயழகு.

மண்ணெண்ணெய்த் தகரங்களைக் காவடி மாதிரி கம்பில் கட்டி அவன் தூக்குகிறான். எனக்குப் பிளாஸ்டிக் குடம். மேட்டுப் பக்கமெல்லாம் தனக்கு, சமதளம் எனக்கு என்று அவனே பிரித்துவிட்டான். பகலில் அடுப்பு மூட்டக் கூடாது. வெள்ளை, சிவப்புச் சேலை கட்டக் கூடாது. எதிர் மலை இறக்கத்தில் வனத்துறை வாட்சர்களின் குடிசை இருக்கிறது. பாறை உச்சியில் நின்றால் அதன் தகரக் கூரை வெயிலில் மின்னுவது தெரியும். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் தெரியமாட்டோமாம்.

இடுப்பில் குடம் பட்ட இடம் கன்றிவிட்டது.

ஜனவரி 23, ஞாயிறு

சுருளி அரிசியும் பருப்பும் கொண்டுவந்தான். பட்டாளத்தாரின் ஆள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். அவன் மனைவிக்கு நவம்பரில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்கிறது. பெயில் மனு போட்டிருக்கிறார்களாம். தேதி வரவில்லை.

கருவாடு கேட்டிருந்தேன். மறந்துவிட்டான்.

ஜனவரி 26, புதன்

குடியரசு தினம். பால்வாடியில் மிட்டாய் கொடுத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றினோம்.

ஜனவரி 31, திங்கள்

காலையில் சுனைக்குப் போனால் காட்டெருமை ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடத்தோடு நின்றுவிட்டேன். மாயழகு பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தான். அது குடித்து முடித்து, ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்து, போய்விட்டது.

"பயந்துட்டீங்களா மதினி?"

"நீ?"

"எனக்கு வேட்டி நனைஞ்சிருச்சு" என்றான். உண்மையில் நனைந்திருந்தது. சுனைத் தண்ணீரில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மலைக்கு வந்த பிறகு இன்றுதான் சிரித்தேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது இவன் அரைக்கால் டவுசரோடு எட்டாம் வகுப்பில் இருந்தான். கணக்கு வராது. ராத்திரி ராத்திரி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாஸாகிவிட்டான். பாட்டு நன்றாகப் பாடுவான். இங்கே சத்தம் போடக் கூடாது என்பதால் முணுமுணுக்கிறான். அண்ணன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து தகரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுக்கும் வருத்தம் இருக்கும்தானே.

பிப்ரவரி 6, ஞாயிறு

சுருளி வந்தான். மாயழகு மேட்டுப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தான். சுருளி குடிசை வாசலில் உட்கார்ந்து நான் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, கேட்காமலேயே சொன்னான்.

"அக்கா, அண்ணன் மாட்டுன அன்னைக்கு மூட்டை எடுத்துட்டு நான்தான் போயிருக்கணும். என் முறை. வீட்டுல வலி கண்டுருச்சு. அண்ணன்தான் 'நீ போயி பொண்டாட்டியப் பாரு, நான் போறேன்'னு வாங்கிட்டுப் போனாரு."

இது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

"செக்போஸ்ட்ல பஸ்ஸை நிறுத்தி நேரா அந்த மூட்டையைத்தான் எறக்குனாங்களாம். வேற ஒரு பைய தொடலை. தெரிஞ்சே நின்னுருக்காங்க அக்கா."

யாருக்கெல்லாம் அந்த நாள் தெரியும் என்று கேட்டேன்.

"பட்டாளத்தாருக்கு. எனக்கு. மாயழகுக்கு." பிறகு, "நான் சொல்லலை அக்கா. பச்சப் புள்ளை மேல சத்தியம்" என்றான்.

கருவாடு கொண்டுவந்திருந்தான். நல்ல கருவாடு.

பிப்ரவரி 8, செவ்வாய்

மாயழகு காலில் முள் ஏறிவிட்டது. ஊசியைச் சுட்டு எடுத்துவிட்டேன். வெறுங்காலை மடியில் வைத்துப் பார்த்தது இன்றுதான். இரண்டு உள்ளங்காலிலும் குறுக்கே தடிப்புகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. ஆறிப்போனவை. என்ன இது என்றேன். பாறையில் வழுக்கியது என்றான். பாறை அப்படிக் கோடு போடாது.

முள் பெரியது. உண்ணிமுள் இல்லை, இலந்தை.

பிப்ரவரி 9, புதன்

தகரத்தை நிரப்பிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

"போலீசுல எப்ப பிடிச்சாங்க?"

"யார?"

"உன்னைய."

தகரத்தைக் கீழே வைத்தான்.

"ஐப்பசியில. கம்பத்துக்குப் படம் பாக்கப் போனேன்னு சொன்னேன்ல, அப்ப. சட்டைப்பையில ஒரு பொட்டலம் இருந்துச்சு. உள்ளங்கால்லதான் அடிச்சாங்க. அடுத்த மூட்டை என்னைக்கு எறங்குதுன்னு சொன்னா விட்டுர்றோம்னாங்க. சொன்னேன்."

"ஆள் பேரு?"

"பேரு சொல்லலை. நாளும் பஸ்ஸும்தான். அது சுருளி முறை மதினி. சுருளிதான் போவான்னு நெனச்சேன். அண்ணன் போவாருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சப்ப?"

"அப்ப பஸ் போயிருச்சு."

சுருளிக்கு அன்றைக்குத்தான் பிள்ளை பிறந்தது என்று சொன்னேன். தலையை ஆட்டினான். "அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க மதினி" என்றான். நான் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மாலையில் தண்ணீர் ஊற்றினோம். கிழக்குப் பக்கம் அவன், மேற்குப் பக்கம் நான்.

பிப்ரவரி 10, வியாழன்

ஊற்றினோம்.

பிப்ரவரி 15, செவ்வாய்

கீழ்ச்சுனை இறங்கிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் குடத்தை அமுக்கினால் நிறையும். இப்போது செம்பால் மொள்ள வேண்டியிருக்கிறது. செடிகளில் பூ கட்டிவிட்டது. வாசனை சேலையில், கூந்தலில், சோற்றில் எல்லாம் ஏறியிருக்கிறது. முதல் வாரம் தலைவலித்தது. இப்போது தெரிவதில்லை.

மாயழகு என் பங்கு வேலையையும் செய்கிறான். நான் எழுவதற்கு முன்பே மேற்குப் பக்கத்தில் பாதியை முடித்து வைத்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அவன் வந்து சாப்பிட்டுக்கொள்கிறான்.

தேன்மொழிக்குப் பரீட்சை வருகிறது. அக்கா படிக்க வைப்பாளா தெரியவில்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

சுருளி வந்தான். பெயில் மனு மார்ச் இரண்டாம் தேதி, புதன்கிழமை வருகிறது. வக்கீல் பெரிய ஆளாம். மதுரையில் அவர் எழுந்து நின்றால் பெயில்தான் என்று பட்டாளத்தார் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெட்டுக்கும் கீழே ஆள் சொல்லியாயிற்று. அதுவரை மேலே ஒரு ஈ காக்கா ஏறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாராம்.

பிப்ரவரி 22, செவ்வாய்

கீழ்ச்சுனை குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஊறுகிறது. இனி செடிக்கெல்லாம் மேல்சுனைத் தண்ணீர்தான். சறுக்குப் பாறையில் பாசி காய்ந்து தூளாக இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் சிந்தினால் வழுக்குகிறது. முறை வைத்து ஏறலாமா என்று மாயழகு கேட்கவில்லை. அவனே ஏறுகிறான். நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, வியாழன்

காலையில் மாயழகு மேல்சுனைக்கு ஏறினான். முதல் நடையில் அவன் கொண்டுவந்து வைத்த தண்ணீரை நான் மேற்குப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தேன். தகரம் உருண்டு வரும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சத்தம். "மதினி" என்று கூப்பிட்டான். திரும்பவும் கூப்பிட்டான். குடத்தில் இன்னும் நாலைந்து செடிக்குத் தண்ணீர் இருந்தது. ஊற்றிவிட்டுப் போனேன்.

வலது கால், முழங்காலுக்குக் கீழே. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது. சாக்கில் உட்கார வைத்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் கத்தினான். மூங்கில் பத்தையை வைத்துப் பழைய சேலையால் கட்டினேன். மஞ்சள் இருந்தது, வைத்தேன்.

வாட்சர் குடிசைக்குப் போய்ச் சொல்லலாம். போனால் மதியத்துக்குள் போய்விடலாம். சொன்னால் தோட்டம் போகும். தோட்டம் போனால் வக்கீல் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சுருளி வருவான், அவன் வரட்டும் என்று முடிவு செய்தேன். மாயழகுவிடம் சொன்னேன். "சரி மதினி" என்றான்.

மாலை ஊற்றவில்லை என்றால் செடி வாடிவிடும். ஊற்றினேன்.

பிப்ரவரி 25, வெள்ளி

மேல்சுனைக்கு நானே ஏறினேன். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினால் வழுக்கவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்ய முடிகிறது, நேரம்தான் ஆகிறது. முடிக்க உச்சிவெயில் வந்துவிட்டது.

குடிசைக்குள் போனேன். அவன் பக்கத்தில் வைத்திருந்த செம்பு கவிழ்ந்து கிடந்தது. மண் காய்ந்திருந்தது. எப்போது கவிழ்ந்தது என்றேன்.

"நீங்க போனதும்."

காலையிலிருந்து எத்தனை தடவை குடத்தோடு அந்த வாசலைக் கடந்திருப்பேன். கூப்பிட வேண்டியதுதானே என்றேன்.

"கூப்பிட்டேன் மதினி" என்றான்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். இன்னொரு செம்பு கேட்டான். கொடுத்தேன்.

பிப்ரவரி 26, சனி

காய்ச்சல். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கால் தொடை வரை வீங்கி, தோல் பளபளவென்று இருக்கிறது. விரல்கள் கறுத்திருக்கின்றன. நாற்றம் வருகிறது. செடி வாசனையை மீறி வருகிறது.

"எம்மேல கோவமா மதினி?"

"இல்ல."

"கோவம்னா நாலு வார்த்தை வஞ்சிருங்க. இப்பிடி இருக்காதீங்க."

கஞ்சியைக் குடி என்றேன். இரண்டு வாய் குடித்தான். மீதியை வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டேன்.

எல்லாச் செடிக்கும் ஊற்றினேன். ஒன்றுகூட வாடவில்லை.

பிப்ரவரி 27, ஞாயிறு

காலையில் தண்ணீர் ஊற்றி முடித்தபோது சுருளி வந்தான். குடிசைக்குள் போனவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். திரும்ப உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன்.

"என்னடா இது? எப்படா விழுந்த?"

நான் சொல்வதற்குள் மாயழகு சொன்னான். "இன்னைக்குக் காலைலதான். பாறை சறுக்கிருச்சு."

"இன்னைக்கா?"

"ஆமா. காலைல. மதினி இப்பத்தான் தூக்கிட்டு வந்து போட்டுச்சு."

சுருளி காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சின்னக் குழந்தைகூட இந்தக் கால் இன்று காலை ஒடிந்தது என்று நம்பாது. மாயழகு கண்ணை மூடிக்கொண்டான். உதடு வெடித்திருந்தது.

ரெண்டு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கலாமா என்று கேட்டேன். "மலை எறக்கத்துல ரெண்டு பேரால முடியாது அக்கா. மூணு பேரையும் அது கொண்டு போயிரும். நான் போயி பட்டாளத்தாருகிட்ட கேக்குறேன். ஆனா அவரு என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியும். புதன்கிழமை கேசு வேற இருக்கு" என்றான்.

அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் இதை எழுதுகிறேன். என் துணிப்பையையும் டைரியையும் அவனிடம் கொடுத்து அக்கா வீட்டில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். ஏன் இப்பவே என்று கேட்டால், வெட்டு சமயத்தில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று சொல்ல வேண்டும். அவன் நேராக வீட்டுக்குப் போகட்டும். பிள்ளைக்காரன்.

அவன் இறங்கியதும் நானும் கிளம்புகிறேன்.

ஜூன் 14, செவ்வாய்

போன வெள்ளிக்கிழமை ஜாமீனில் வந்தேன். பை அக்கா வீட்டுப் பரணில் இருந்தது. துணியெல்லாம் துவைத்தும் அந்த வாசனை போகவில்லை என்று அக்கா சொன்னாள்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அன்று சுருளி கண்ணுக்கு மறைந்ததும் ஒரு குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மாயழகுவின் தலைமாட்டில் வைத்தேன். செம்பைக் கையில் கொடுத்தேன். "எங்க போறீங்க?" என்றான். ஆள் கூட்டிவர என்றேன். "அண்ணன் கேசு?" என்றான். புதர் வழியே இறங்கினேன்.

வாட்சர் குடிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். வயதானவர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கருந்தும்மா வார?"

"எதிர் மலையிலருந்து. அங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கெடக்கான்."

"அங்க ஏது குடியிருப்பு?"

"குடியிருப்பு இல்ல. கஞ்சாத் தோட்டம்."

அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருகிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதாங்க. தூக்க நாலு பேர் வேணும்."

இளையவரைக் கீழே அனுப்பி ஆள் வரவழைத்தார். எனக்கு டீ கொடுத்தார்.

கம்பளியில் கட்டித் தூக்கினார்கள். போகும்போதே ஒருவர் செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தார். காலையில் ஊற்றிய ஈரம் வேரில் இருந்தது. "நல்லா வளத்துருக்கீங்க" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. விடிந்தபோது கீழே ஜீப்பில் இருந்தோம். மாயழகுவை ஆஸ்பத்திரிக்கும் என்னை ஸ்டேஷனுக்கும் கொண்டுபோனார்கள்.

புதன்கிழமை வக்கீல் கோர்ட்டுக்கு வரவில்லை. பெயில் தள்ளுபடி. பட்டாளத்தார் அதன் பிறகு ஊர்ப்பக்கம் இல்லை. கேரளாவில் எங்கோ இருக்கிறார் என்கிறார்கள். பால்வாடி வேலை போய்விட்டது. தேன்மொழி பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். என்னிடம் முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மாயழகுவுக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு எனக்கு முன்பே ஜாமீன் கிடைத்துவிட்டது. அவன் கொடுத்த வாக்குமூலத்தை என் இலவச சட்ட உதவி வக்கீலம்மா படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை விழுந்தான், அன்று மதியமே அண்ணி ஓடிப்போய் உதவி கேட்டாள், அவள் சமைத்துப் போட வந்தவள், தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. டாக்டர் இது பழைய காயம் என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அவன் மாற்றவில்லை.

"இந்த வாக்குமூலம்தான்மா உங்களை வெளிய கொண்டுவந்தது" என்றார் வக்கீலம்மா. "ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஆனா நீங்க என்ன பண்ண முடியும், விழுந்ததே ஞாயித்துக்கிழமை."

ஆமாம் என்றேன்.

ஜூலை 9, சனி

மதுரை ஜெயிலுக்குப் போனோம். மாயழகுவும் வந்தான். அவன்தான் போகலாம் என்று கேட்டான். கட்டையை அக்குளில் வைத்து நடக்க இன்னும் சரியாகப் பழகவில்லை.

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அவர் மெலிந்திருக்கிறார். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். முதலில் மாயழகுவின் காலைத்தான் பார்த்தார். கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாயழகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கேசைப் பற்றிச் சொன்னேன். புது மனு போட்டிருக்கிறது, நாளாகும் என்றேன். வக்கீல் வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்றேன்.

"சுருளி வந்து எல்லாத்தையும் சொன்னான்" என்றார். "பட்டாளத்தார் சொன்னதையும் மீறி நீ போனியாமே. நீ போகாம இருந்து, இவன் செத்து, நான் வெளிய வந்து யாரு மூஞ்சில முழிக்க? ஜெயில்ல கெடந்தா கெடக்குறேன். எந்தம்பிய நீ காப்பாத்தினியே, அது போதும்."

கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் என்னைக் கும்பிட்டதில்லை. கையை இறக்குங்கள் என்றேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

"என்னைக்கு விழுந்தான்? ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைதான்ணே. காலைல" என்றான் மாயழகு.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமா. ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"அன்னைக்கே மலையெறங்கி ஓடியிருக்கா பாருங்க" என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னார். அந்த ஆள் தன் மனைவியிடம் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. பிறகு, தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்ததா என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். மாயழகு கட்டையை மாற்றி வைத்தான். நேரம் முடிந்துவிட்டது என்று போலீஸ்காரர் தட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

"சுருளிகிட்ட அன்னைக்கு ஏன் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

வாயிலிருந்த சோற்றை விழுங்கினான்.

"அவன் என்னைப் பாக்கலை மதினி. உங்களத்தான் பாத்தான். குத்தவாளியப் பாக்குற பார்வை. அது எனக்குத் தெரியும்."

ஊறுகாயை அவன் பக்கம் தள்ளினேன். எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் ஏற்றிவிடக் கண்டக்டரும் ஒரு கை கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தான். உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கிவிட்டான். ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டியதும் மேற்கு வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. எழுப்பி, இந்தப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். வெயில் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன்.